தவறிய அழைப்பு

பெரியாஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே
வேப்பமரத்தடியில் நாலு பேர் நிற்கிறோம்.
சமயநல்லூர் ஏட்டு காகிதத்தோடு வந்தால்தான்
உள்ளே கத்தியை எடுப்பார்களாம்.
அதற்குள்
என் தம்பி ரூபஸ் எங்கே போயிருப்பான் என்று
முடிவு கட்டப் பார்க்கிறார்கள்.

ஹட்சன் மெதுவாகத்தான் சொன்னான்,
பெங்களூரில் நாலு வருஷம் இறையியல் படித்தவன்:
"உலகம் உண்டாகுமுன்னே பேரு எழுதியாச்சு அக்கா.
எழுதியிருந்தா அழியாது.
விழுந்தே போனான்னா
முதல்லயே எழுதலன்னு அர்த்தம்."
சொல்லிவிட்டு டீ கிளாஸின் அடியைப் பார்த்தான்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

என் வீட்டுக்காரர் விடவில்லை.
ஊமச்சிகுளத்தில் தகரக் கொட்டகையில் சபை நடத்துகிறவர்.
விரகனூரில், சிமெண்டுத் தொட்டியில்
ரூபஸை முழுக்கி எடுத்த கை அவருடையது.
"கதவு திறந்துதான் இருந்துச்சு. வந்தான்.
அவனாத்தான் எந்திரிச்சுப் போனான்.
போனது யார் சித்தம்?"
டாஸ்மாக் என்று சொல்லவில்லை. அந்த மட்டில் நல்லவர்.

மரிய புஷ்பம், அவன் பெண்சாதி,
புதூர் மாதா கோயிலுக்குப் போகிறவள்,
ஜெபமாலை மணியை நகர்த்திக்கொண்டே
என் காதோரம் வந்தாள்.
"முப்பது பூசைக்குக் குடுத்துருவோம் மதினி.
உத்தரிக்கிற ஸ்தலத்துல எத்தனை நாளோ."
ஜாமீன் கிடைக்கக்கூடிய வழக்குபோலச் சொன்னாள்.
எனக்கு அவளைத்தான் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அப்பா வைத்த பெயர் அது.
நிருபத்தின் கடைசியில், வாழ்த்துச் சொல்லும் பட்டியலில்,
இத்தனை பேரில் அந்தப் பெயருக்கு முன்னால்தான்
தெரிந்துகொள்ளப்பட்ட என்று இருக்கிறதாம்.
நரிமேட்டில் ஐயர் மூன்று கை தண்ணீர் தெளித்தபோது
தூங்கிக்கொண்டிருந்தான்.
யாரும் அவனிடம் சம்மதம் கேட்கவில்லை.

கோரிப்பாளையத்தில் பகல் பாங்கு.
பாலத்துக்குக் கீழே, வைகை என்று சொல்கிற இடத்தில்
எருமைகள் கருவேலங்காய் தின்கின்றன.

என் கைப்பையில் போன் இருக்கிறது.
நேற்று ராத்திரி, பதினொன்று நாற்பத்திரண்டு.
ரூபஸ். தவறிய அழைப்பு, ஒன்று.
தவறவில்லை.
பெயரைப் பார்த்தேன்.
குடித்திருப்பான், அழுவான், கடைசியில் காசு கேட்பான்.
சத்தத்தை நிறுத்தி
குப்புற வைத்தேன்.
பன்னிரண்டே காலுக்கு பைபாஸில் மணல் லாரி.

இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் ஹட்சன் தேற்றுவான்:
நீங்க எடுக்காததும் அநாதியிலேயே குறிச்சதுதான் அக்கா.
வேண்டாம்ப்பா.
அதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போகாதே.
குப்புற வைத்தது என் கை.
அதை யாரும் எனக்காக
ஆதியிலே வைத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கணக்கையே தம்பிக்கும் போட்டால்
அவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.
ஆகவே நான் கேட்பது நியாயமில்லை, தெரியும்:
சுயசித்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.
முன்குறித்தல் இருந்தால் அவனுக்குக் கொடும்.
எவனும் மறுக்க முடியாத கிருபை என்கிறார்களே,
அதில் ஒரு வாய்,
நேற்று அந்தத் தார்ரோட்டில்,
அவன் மறுக்கிற நிலையில்கூட இல்லாதபோது.

ஏட்டு வந்துவிட்டார்.
பாலித்தீன் பையில் ரூபஸின் போன்,
கண்ணாடி சிலந்திவலையாக விரிந்தும் எரிந்துகொண்டிருக்கிறது.
"கடைசியா கூப்பிட்டது அக்கான்னு இருக்கு.
யாரும்மா அது?"

ஹட்சன் நிமிர்ந்தான்.
என் வீட்டுக்காரர் வாதத்தைப் பாதியில் விட்டார்.
மரிய புஷ்பத்தின் விரல் ஒரு மணியிலேயே நின்றது.

"நான்தான்."

"என்ன பேசினாரு?"